ஈயத்தில் கீறிய பெயர்

ஒரு சர்ச்சின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாகக் கோபுரத்திலிருந்து தொடங்குவார்கள். நான் ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகரத்துக்கு மேற்கே இருபது மைல் போனால் வின்ட்ரஷ் என்கிற சின்ன ஆறு. ஆற்றங்கரையில் பர்ஃபோர்ட் என்கிற சின்ன ஊர். அந்த ஊர்ச் சர்ச்சுக்கு யோவான் ஸ்நானகனின் பெயர். அங்கே குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற கல்தொட்டியில் ஈயத் தகடு பதித்திருக்கிறார்கள். அந்த ஈயத்தில் கூரான எதையோ வைத்து ஒருவர் கீறியிருக்கிறார்: ஆண்டனி செட்லி, 1649, கைதி. கைதி என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கு. பிழை என்று சிரிக்க வேண்டாம். ஜான்சனின் ஆங்கில அகராதி வந்ததே 1755-இல்தான். அதற்கு நூறு வருஷம் முந்தி ஒரு சிப்பாய் தனக்குத் தெரிந்த எழுத்தில் தன் பெயரை எழுதினார். தனக்காக வேறு யாரும் கல்லில் வெட்டப் போவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

எங்க ஊர்ச் சர்ச் கட்டினப்போ எங்க தாத்தா கல் சுமந்தார், பாட்டி சாந்து சுமந்தாங்க. வாசல் கல்வெட்டுல அஸ்திவாரக்கல் வச்ச பாதிரியார் பேர் இருக்கு, பணம் கொடுத்தவர் பேர் இருக்கு. சுமந்தவங்க பேர் இல்லை. அந்தக் கல்லை எழுத்துக்கூட்டிப் படிச்சுத்தான் நான் வாசிக்கப் பழகினேன். அதனால எந்தச் சர்ச்சைப் பத்திப் படிச்சாலும் கண்ணு முதல்ல பேர்களைத்தான் தேடுது. பர்ஃபோர்ட் சர்ச்சில் பேர்களுக்குப் பஞ்சமே இல்லை. எந்தப் பேர் எப்படி உள்ளே வந்தது என்பதுதான் கேள்வி.

கட்டடத்தைப் பார்த்துவிடுவோம். நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தது 1066-இல். பிடித்த நாட்டில் அவர்கள் கோட்டைகளைக் கட்டினார்கள், கூடவே கல்லில் சர்ச்சுகளையும் கட்டினார்கள். இரண்டும் ஆட்சியின் அடையாளம்தான். பர்ஃபோர்ட் சர்ச்சின் நடுக் கோபுரத்தின் கீழ்நிலைகளும் மேற்கு வாசலும் பன்னிரண்டாம் நூற்றாண்டு நார்மன் வேலை. தடித்த சுவர், அரைவட்ட வளைவு, வளைவைச் சுற்றி மேலும் கீழுமாக மடிந்து போகிற கோட்டுச் செதுக்கல். பதினைந்தாம் நூற்றாண்டில் இந்தக் கோபுரத்தின் தலையில் இன்னொரு நிலையை ஏற்றி, அதற்கும் மேலே ஊசிபோல் ஒரு கல்கூம்பை நிறுத்தினார்கள். தெற்கு வாசலுக்கு முன்னால் மூன்று நிலை உயரத்தில் ஒரு முகமண்டபம். அதன் உள்கூரையில் கல்லை விசிறி விரிந்த மாதிரி செதுக்கியிருக்கிறார்கள். வேலைப்பாடு அசல் வேலைப்பாடுதான், அதில் மாற்றுக்கருத்து இல்லை.

இத்தனைக்கும் பணம் எங்கேயிருந்து வந்தது? ஆட்டு மயிரிலிருந்து வந்தது. பர்ஃபோர்ட் இருக்கிற காட்ஸ்வோல்ட் மலைச்சரிவு ஆடு மேய்க்கிற பூமி. அங்கே கத்தரித்த கம்பளி ஃபிளாண்டர்சுக்கும் இத்தாலிக்கும் போனது. வணிகர்கள் கொழுத்தார்கள். நார்மன் பிரபு ராபர்ட் ஃபிட்ஸ்ஹேமன் 1087-க்கும் 1107-க்கும் இடையில் இந்த ஊர் வணிகர்களுக்குத் தனிச் சங்கம் வைத்துக்கொள்ளச் சாசனம் கொடுத்திருந்தார். இங்கிலாந்திலேயே மிகப் பழைய வணிகச் சங்கச் சாசனங்களில் அது ஒன்று. அந்தச் சங்கத்தார் சர்ச்சுக்குப் பக்கத்திலேயே தங்களுக்கென்று தனியாக ஒரு சிற்றாலயம் கட்டிக்கொண்டார்கள். பிற்காலத்தில் சர்ச்சை விரிவாக்கும்போது அதையும் சேர்த்து இணைத்துவிட்டார்கள். கட்டடம் உள்ளே கோணல்மாணலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே சாமி, ஒரே ஊர், ஆனால் காசுள்ளவனுக்குத் தனிக் கூரை. பிறகு அந்த இடம் சில்வெஸ்டர் என்ற துணி வியாபாரிக் குடும்பத்தின் கல்லறை வரிசையாக ஆனது.

வெளியே கல்லறைத் தோட்டத்தில் சில கல்பெட்டிகளின் மூடி உருண்டையாக, வரிவரியாக இருக்கும். கம்பளிப் பொதியைத்தான் அப்படிச் செதுக்கியிருக்கிறார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். ஆய்வாளர்கள் எல்லாரும் அதை ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் செத்த பிறகும் கம்பளி விடவில்லை என்பது மட்டும் நிஜம். பிணத்தை இங்கிலாந்துக் கம்பளியில்தான் சுற்றிப் புதைக்க வேண்டும் என்று 1666-இல் சட்டம் போட்டார்கள், 1678-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். மீறினால் ஐந்து பவுண்டு அபராதம். கம்பளி வியாபாரம் படுத்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். 1814 வரைக்கும் அது சட்டப் புத்தகத்தில் இருந்தது. சாவையும் சந்தை ஆக்கினது நம்ம காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்திலேயே டெய்ன்டன் என்ற ஊரில் நல்ல சுண்ணாம்புக்கல் குவாரி. ஆக்ஸ்ஃபோர்டுக் கல்லூரிகள் பலவற்றுக்கும் இந்தக் கல் போயிருக்கிறது. பர்ஃபோர்ட் பக்கத்துக் கல்தச்சர் கிறிஸ்டஃபர் கெம்ப்ஸ்டர், லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டஃபர் ரென்னிடம் நம்பிக்கையான மேஸ்திரியாக வேலை பார்த்தவர். அவருக்கு இந்தச் சர்ச்சுக்குள் நினைவுக்கல் இருக்கு. குவாரிக்குச் சொந்தக்காரர், அதனால் கிடைத்தது. அவருக்கு நானூறு ஐந்நூறு வருஷம் முந்தி நார்மன் வாசலைச் செதுக்கினவர்களுக்கு அது கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் பழைய சர்ச்சுகளில் சில கற்களில் சின்னக் கோட்டுக் குறிகள் தெரியும். தான் கொத்திய கல் எது என்று கூலிக் கணக்குக்காகத் தச்சர்கள் போட்ட அடையாளம் அது. பேர் இல்லை, குறி மட்டும்.

இனிமேல் பேர்களுக்கு வருவோம். முதலில் எட்மண்ட் ஹார்மன். எட்டாம் ஹென்றி ராஜாவுக்குச் சவரம் செய்த மருத்துவ நாவிதர். ராஜாவின் உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட அளவுக்கு நெருக்கம். மடங்களையும் மடத்து நிலங்களையும் ஹென்றி பறித்தபோது பர்ஃபோர்டில் இருந்த சொத்து இவருக்கு வந்தது. நம் வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போவார்கள். கத்தி பிடிக்கிற தொழில் அங்கே ஒருவரைத் தீண்டத்தகாதவராக ஆக்கவில்லை, நிலப்பிரபுவாக ஆக்கியது. இங்கிலாந்தில் இருந்தது வர்க்கம், அது கொடுமையான வர்க்கம், ஆனால் நம்ம சாதி இல்லை. இரண்டையும் ஒன்று என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

ஹார்மன் 1569-இல் வைத்த நினைவுச் சின்னத்தில் அவருடைய பிள்ளைகள் வரிசையாக மண்டியிட்டிருக்கிறார்கள். ஆனால் பார்க்கிறவர்கள் நிற்பது அதற்காக இல்லை. எழுத்துப் பலகையைச் சுற்றி இறகுக் கிரீடம் வைத்த தென்னமெரிக்கப் பழங்குடி மக்களின் உருவங்கள். பிரிட்டனில் அமெரிக்கப் பூர்வகுடிகளைக் காட்டுகிற மிகப் பழைய சிற்பங்களில் இவை சேர்ந்தவை. ஃபிளாண்டர்ஸ் ஓவியர் ஒருவரின் அச்சுப் படத்தைப் பார்த்துச் செதுக்கியது என்கிறார்கள். ஜான் ஹாக்கின்ஸ் ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது 1562-இல். அதற்கு ஏழு வருஷம் கழித்து, கடலே இல்லாத ஓர் உள்நாட்டுச் சர்ச்சில், அந்நியக் கண்டத்து மக்கள் ஒரு பணக்காரர் பேருக்கு அலங்கார விளிம்பாக வந்து நிற்கிறார்கள். பேர் அவருடையது, உடம்பு அவர்களுடையது.

அடுத்தவர் லாரன்ஸ் டான்ஃபீல்ட். நீதிபதி, கருவூல நீதிமன்றத்தின் தலைவர். 1586-இல் ஊரில் பெரிய வீட்டை வாங்கினார். 1617-இல் ஊரின் பிரபு உரிமையையும் வாங்கினார். பிறகு, வணிகச் சங்கத்தார் ஐந்நூறு வருஷமாக நடத்திவந்த ஊர் நிர்வாகம் செல்லாது என்று வழக்கு நடந்தது. வழக்கு விசாரணைக்கு வந்ததோ கருவூல நீதிமன்றத்தில்! சங்கத்தார் தோற்றார்கள். பக்கத்தில் கிரேட் டியூ என்ற கிராமத்திலும் இவர்தான் பிரபு. அந்த ஊர் மக்கள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய புகாரில், எங்களை அரைத்துத் தூளாக்க வேண்டும் என்று டான்ஃபீல்ட் சீமாட்டி சொல்கிறார் என்று எழுதியிருந்தார்கள்.

டான்ஃபீல்ட் 1625-இல் செத்தார். சீமாட்டி யாரிடமும் அனுமதி கேட்காமல் சர்ச்சுக்குள்ளேயே ஒரு பெரிய கல்லறை எழுப்பினார். தூண், விதானம், சலவைக்கல், வர்ணம், படுத்திருக்கிற புருஷனும் பெண்டாட்டியும், அடியில் ஓர் எலும்புக்கூடு. எல்லாரும் சாகத்தான் போறோம் என்று அந்த எலும்புக்கூடு சொல்லுதாம். ஆனால் அதைச் சொல்வதற்கே இவ்வளவு இடம் வேண்டியிருக்கு. ஊர்க்காரர்கள் ரொம்ப காலம் வருஷா வருஷம் இந்தப் புருஷன் பெண்டாட்டிக்குக் கொடும்பாவி கட்டி எரித்தார்கள் என்பது ஊர் வழக்கு. கல்லறையின் தலைமாட்டில் மண்டியிட்டிருப்பது இவர்களுடைய ஒரே மகள் எலிசபெத் கேரி. சொந்தமாக நாடகம் எழுதி 1613-இல் அச்சேற்றியவர். ஆங்கிலத்தில் ஒரு பெண் தானே எழுதி அச்சான முதல் நாடகம் அதுதான். பின்னால் கத்தோலிக்கத்துக்கு மாறி, குடும்பத்தால் கைவிடப்பட்டு, வறுமையில் கிடந்தார். அவருக்கு இங்கே கிடைத்தது மகள் என்கிற இடம் மட்டும்.

இப்படி ஒரு கட்டடத்தில் ஊர் ஜனங்கள் எங்கே இருந்தார்கள்? பாரிஷ் என்பது ஜெபம் பண்ணுகிற இடம் மட்டும் இல்லை. அது ஒரு நிர்வாகம். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை சர்ச்சுக்குக் கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்றால் 1559 சட்டப்படி பன்னிரண்டு பென்னி அபராதம். சர்ச்சை நம்பாதவனும் சர்ச் பராமரிப்பு வரி கட்டியாக வேண்டும். 1868-இல்தான் அந்தக் கட்டாயம் போனது. ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுவதும் 1601 சட்டத்திலிருந்து பாரிஷின் வேலை. 1697-இல் அதோடு இன்னொன்றையும் சேர்த்தார்கள். நிவாரணம் வாங்குகிற ஆண், பெண், குழந்தை எல்லாரும் மேல்சட்டையின் வலது தோளில் ஒரு துணி எழுத்தைத் தைத்துக்கொள்ள வேண்டும். சிவப்பு அல்லது நீலத் துணியில், பஞ்சை என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தும் பாரிஷ் பேரின் முதல் எழுத்தும். தைக்க மறுத்தால் நிவாரணத்தை நிறுத்தலாம், சாட்டையடி கொடுக்கலாம், சிறையில் போட்டு வேலை வாங்கலாம். 1810 வரைக்கும் இது சட்டம். உடம்பில் அடையாளம் மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பது என்றால் என்ன என்று நம்ம ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சர்ச்சுக்குள்ளே உட்காருகிற இடமும் அப்படித்தான். முன்வரிசைப் பெஞ்சுகள் பெரிய குடும்பங்களுக்கு, பல ஊர்களில் வாடகைக்கு. ஏழைகளுக்குப் பின்னால் அல்லது மாடியில், ‘இலவசம்’ என்று எழுதின பெஞ்சு. பர்ஃபோர்டில் நடுக்கூடத்திலேயே மரத்தடுப்பு போட்ட பழைய சிற்றாலயம் ஒன்று உண்டு, புனித பேதுருவின் பேரில். சீர்திருத்தத்துக்குப் பிறகு அதையும் பெரிய வீட்டுக்காரர்கள் தங்கள் குடும்ப இருக்கையாக்கிக் கொண்டார்கள். சாமி இருந்த இடத்தில் துரை உட்கார்ந்தார்.

இப்போது அந்த 1649.

ராஜாவுக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் ராஜா தோற்றார். ஜனவரி 30-ஆம் தேதி தலையை வெட்டினார்கள். சண்டை போட்டவர்கள் யார்? தச்சர், நெசவாளர், செருப்புத் தைக்கிறவர், சிறு விவசாயி. ராஜா போய்விட்டார், இனி யாருடைய ஆட்சி என்று அவர்கள் கேட்டார்கள். 1647 அக்டோபரில் லண்டனுக்குப் பக்கத்தில் பட்னி சர்ச்சில், அதுவும் ஒரு பாரிஷ் சர்ச்தான், தளபதிகளும் சிப்பாய்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து இதை விவாதித்தார்கள். பெரியவனுக்கு எப்படி ஒரு வாழ்க்கை இருக்கோ அப்படியே ஏழைக்கும் இருக்கு, அவன் சம்மதமில்லாத அரசுக்கு அவன் கட்டுப்பட வேண்டியதில்லை என்று தாமஸ் ரெயின்ஸ்பரோ வாதாடினார். சொத்தில்லாதவனுக்கு ஓட்டா, அப்புறம் சொத்தையே பங்கு கேட்பானே என்று குரோம்வெல்லின் மருமகன் அயர்ட்டன் பதில் சொன்னார். சொத்துள்ளவர் பேச்சு எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கு.

இவர்களை லெவலர்கள் என்றார்கள். மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாக்குகிறவர்கள் என்று அர்த்தம். அது எதிரிகள் வைத்த வசைப்பெயர், அவர்களுக்கே பிடிக்காத பெயர். கடைசியில் வரலாற்றில் நின்றது அந்த வசைதான். 1649 மே 1-ஆம் தேதி, லண்டன் டவர் சிறையில் இருந்துகொண்டே லில்பர்ன், வால்வின், ஓவர்ட்டன், பிரின்ஸ் என்ற நான்கு பேர் தங்கள் அரசியல் சாசனத்தை வெளியிட்டார்கள். சட்டத்தின் முன் எல்லாரும் சமம். கடனுக்காகச் சிறை கூடாது. பத்தில் ஒரு பங்கு வரி ஒழிய வேண்டும். பாரிஷ் மக்களே தங்கள் போதகரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இருபத்தோரு வயது ஆண்களுக்கு ஓட்டு. ஆனால் வேலைக்காரர்களுக்கு இல்லை, நிவாரணம் வாங்குகிறவர்களுக்கு இல்லை. பெண்களுக்கு இல்லவே இல்லை. அதே வருஷம் லெவலர் பெண்கள் கைதிகளை விடச் சொல்லி ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். சமத்துவம் பேசின சாசனமும் ஆணுக்குள்ளேயே நின்றுபோனது. இதைச் சொல்லாமல் லெவலர்களைக் கொண்டாடுவது நேர்மை இல்லை.

அந்த நேரம் அயர்லாந்து மேல் படையெடுக்கப் பட்டாளத்தைத் திரட்டிக்கொண்டிருந்தார்கள். சம்பள பாக்கி தீரட்டும், கொடுத்த வாக்கை நிறைவேற்றுங்கள், அதுவரைக்கும் போகமாட்டோம் என்று சில படைப்பிரிவுகள் மறுத்தன. சிலர் கூலிக்காக மறுத்தார்கள், சிலர் அயர்லாந்துக்காரர் நமக்கு என்ன செய்தார் என்று கேட்டே மறுத்தார்கள். சாலிஸ்பரியிலிருந்து கிளம்பியவர்கள் மே 13 ஞாயிற்றுக்கிழமை பர்ஃபோர்ட் வந்து சேர்ந்தார்கள். களைப்பில் படுத்துவிட்டார்கள். குரோம்வெல்லும் ஃபேர்ஃபாக்ஸும் ஒரே நாளில் நாற்பது மைலுக்கு மேல் குதிரையை விரட்டி வந்து நள்ளிரவில் ஊரை வளைத்தார்கள். பெரிய சண்டையே இல்லை. பிடிபட்டவர்கள் ஏறக்குறைய 340 பேர். அத்தனை பேரையும் அடைக்க ஊரில் இருந்த பெரிய கட்டடம் எது? சர்ச்தான். பூட்டினார்கள்.

ஹார்மன் சின்னத்துக்கும் டான்ஃபீல்ட் கல்லறைக்கும் நடுவில் 340 சிப்பாய்கள். அந்த நாட்களில் ஒன்றில்தான் செட்லி ஈயத்தைக் கீறியிருக்க வேண்டும். ஈயம் மெத்து, ஆணி நுனி போதும்.

மே 17-ஆம் தேதி காலை மூன்று பேரை வெளியே கொண்டுவந்து சர்ச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். கார்னெட் ஜேம்ஸ் தாம்சன், கார்ப்பரல் பெர்க்கின்ஸ், சாதாரண சிப்பாய் ஜான் சர்ச். மற்ற கைதிகளை சர்ச் கூரைமேல் ஏற்றிப் பார்க்க வைத்தார்கள். பெர்க்கின்ஸ் அசையவில்லை. ஜான் சர்ச் மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, துப்பாக்கிக்காரர்களின் முகத்தைப் பார்த்தபடி நின்றார் என்று அந்தக் காலச் செய்தித்தாள் சொல்கிறது. நான்காவது ஆள் ஹென்றி டென் மன்னிப்புக் கேட்டார், பிழைத்தார். மற்றவர்கள் செய்தது பாவம் என்று அதே சர்ச்சின் பிரசங்க மேடையில் ஏறிப் பிரசங்கமும் பண்ணினார். பாரிஷ் பதிவேட்டில், சுடப்பட்ட மூன்று சிப்பாய்கள் புதைக்கப்பட்டார்கள் என்று குறிப்பு இருக்கு. மூன்று சிப்பாய்கள், அவ்வளவுதான். பேர் எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்து, மே 19, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் குரோம்வெல்லுக்கும் ஃபேர்ஃபாக்ஸுக்கும் சட்டத்தில் டாக்டர் பட்டம் கொடுத்து விருந்து வைத்தது. ஆகஸ்டில் பட்டாளம் அயர்லாந்துக்குப் போனது. செப்டம்பரில் ட்ரோஹெடா படுகொலை.

இன்னொரு கல்லறையையும் சொல்ல வேண்டும். டான்ஃபீல்ட் வீட்டைப் பிறகு வாங்கியவர் வில்லியம் லென்தால், நாடாளுமன்ற சபாநாயகர். 1642-இல் ராஜா சபைக்குள் ஆயுதத்தோடு புகுந்து ஐந்து பேர் எங்கே என்று கேட்டபோது, சபை சொல்லாமல் எனக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை பேச நாக்கும் இல்லை என்று பதில் சொன்னவர். அதே நாக்கு 1660-இல் முடியாட்சி திரும்பின பிறகு, பழைய தோழர் ஒருவரைத் தூக்குக்கு அனுப்பிய வழக்கில் சாட்சி சொன்னது. 1662-இல் சாகும்போது தனக்கு ஆடம்பரம் வேண்டாம், கல்லில் ‘நான் ஒரு புழு’ என்று லத்தீனில் இரண்டு சொல் மட்டும் போதும் என்றார். புழு என்று தானே எழுதிக்கொள்ளவும் ஒரு வசதி வேண்டும். பிறர் நம்மைப் புழு என்று சொல்லாத வாழ்க்கை வாழ்ந்தவருக்குத்தான் அது பணிவு.

பிறகு இருநூறு வருஷம் அந்தத் தொட்டியை யாரும் பெரிதாகப் பேசவில்லை. 1870-களில் சர்ச்சைப் புதுப்பிக்கிற வேலை நடந்தது, கட்டடக்கலைஞர் ஜி. இ. ஸ்ட்ரீட். 1876-இல் அந்த வழியாக வந்த வில்லியம் மோரிஸ், இளவயதில் இதே ஸ்ட்ரீட்டிடம் பயிற்சி பெற்றவர், பழைய சுவர்ப்பூச்சைச் சுரண்டி எறிந்ததைப் பார்த்துக் கோபப்பட்டார். பாதிரியாரிடம் சண்டைக்குப் போனார். இது என் சர்ச் ஐயா, நினைத்தால் இதற்குள்ளே தலைகீழாகவும் நிற்பேன் என்று பாதிரியார் சொன்னதாகக் கதை. மோரிஸும் நண்பர்களும் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மோரிஸ் பின்னால் சோஷலிஸ்ட் ஆனவர், நல்ல மனுஷர். ஆனால் அந்தச் சண்டையிலும் கேட்கப்பட்டது பழைய பூச்சு யாருடையது என்பதுதான். என் சர்ச் என்று பாதிரி சொன்னார், இது கலை, எதிர்காலத்துக்குச் சொந்தம் என்று கலைஞர் சொன்னார். வரியும் அபராதமும் கட்டின பரம்பரையிடம் யாரும் கேட்கவில்லை.

1975-இல் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துத் தொழிலாளர் கல்விச் சங்கத்துக்காரர்கள் சிலர், பள்ளிப் புத்தகத்தில் இல்லாத ஒரு கதையைத் தேடி பர்ஃபோர்ட் வந்தார்கள். அடுத்த வருஷம் தொழிற்கட்சி அரசியல்வாதி டோனி பென் வந்து பேசினார். 1979-இல் சர்ச்சின் வெளிச்சுவரில் மூன்று பேர் பேரையும் எழுதின பலகை வைத்தார்கள். மே 17-ஐ ஒட்டி வருகிற சனிக்கிழமையில் தொழிற்சங்கக் கொடிகளோடு ஊர்வலமாக வருகிறார்கள், சுவர்ப் பக்கம் நின்று அந்தப் பேர்களை வாசிக்கிறார்கள். பிறகு உள்ளே போனால் டான்ஃபீல்ட் கல்லறையைத் தேடவே வேண்டாம், கண்ணில் வந்து விழும். தொட்டிக்குள் இருக்கிற எழுத்தைப் படிக்கக் குனிய வேண்டும்.